மலையில் ஒரு உத்தியோகம்

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றால் நமக்கெல்லாம் தெரியும். ஜவ்வாது மலை என்றால், "அது எங்கே இருக்கு?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது இந்த மலை. செய்யாறு பிறப்பது இங்கேதான். சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. ஆனால் பெரிய ஓட்டல்களோ, கடைத்தெருவோ, குதிரைச் சவாரியோ கிடையாது. அதனாலேயே கூட்டமும் கிடையாது.

நான் போனது சுற்றிப் பார்க்க மட்டும் அல்ல. என் தங்கை மகள் நர்ஸ் படிப்பை முடித்து இரண்டு வருஷம் காத்திருந்தாள். மலைப்பகுதிக்கு உத்தியோக ஆர்டர் வந்தது. வீட்டில் சந்தோஷத்தைக் காட்டிலும் கலக்கம்தான் அதிகம். "மலையிலயா? வயசுப் பொண்ணு எப்படித் தனியா இருப்பா?" என்றாள் தங்கை. "சேர்ந்துட்டு ஆறே மாசத்துல டிரான்ஸ்பர் வாங்கிடலாம்" என்றார் அவள் வீட்டுக்காரர். பெண் மட்டும் என் காதருகே வந்து, "பெரியம்மா, நாம ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றாள். அப்படித்தான் போன பிப்ரவரியில் மூன்று நாள் பிரயாணம் அமைந்தது.

கீழே தோல், மேலே காடு

சென்னையிலிருந்து ரயிலில் வாணியம்பாடி. அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலைக்கு பஸ். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்க தோல் தொழில்தான். விடிகாலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. கையில் டிபன் பாக்ஸ், தலையில் பூ, கண்ணில் பாதித் தூக்கம். ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாம் கடையில் பார்க்கும் ஏற்றுமதி ரகச் செருப்புகளில் அவர்கள் கைப்பட்ட தையல் இருக்கும்.

பஸ் ஆலங்காயத்தைத் தாண்டி மேலே ஏற ஏற, காற்று மாறுகிறது. புளி, நெல்லி, பலா, கடுக்காய் மரங்கள். இந்தக் கடுக்காய்தான் ஒரு காலத்தில் மலையையும் தோல் ஊர்களையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது பழைய முறை. பிறகு ரசாயனங்கள் வந்தன.

மலையில் வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2011ம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்களே பெரிய கூட்டம், மூன்றரை லட்சத்துக்கும் மேல்.

இவர்களின் பிழைப்பு நிலமும் காடும். சாமை, கேழ்வரகு, கொள்ளு விதைப்பார்கள். தேன், புளி, கடுக்காய் சேகரிப்பார்கள். மழை பொய்த்தால் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும், கேரளத்துக்கும் குடும்பம் குடும்பமாகக் கூலிக்குக் கிளம்பிவிடுவார்கள். மரம் வெட்டத் தெரிந்த கை என்பதால் இளைஞர்களை ஏஜெண்டுகள் வேறு தேடி வருகிறார்கள். 2015 ஏப்ரல் 7ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். கடைக்காரம்மா, "போனதைப் பேசி என்னாம்மா ஆவப் போவுது? டீ ஆறுது, குடிங்க" என்று முடித்துவிட்டார்.

இப்படி ஒரு மலையில், நிலத்தையும் காட்டையும் நம்பாமல் வேறு உத்தியோகம் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா? எது அவர்களை மலையிலேயே இருத்தி வைக்கிறது? எங்கள் வீட்டுப் பெண்ணுக்காக நான் தெரிந்துகொள்ள நினைத்தது இதைத்தான்.

ராத்திரி உத்தியோகம்

முதல் நாள் காவலூர். சுமார் 725 மீட்டர் உயரம். மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கும்மட்டங்கள் தெரிகின்றன. இதுதான் வைணு பாப்பு வானிலக்கூடம். டாக்டர் பாப்பு 1960ல் கொடைக்கானல் வானிலக்கூடத்துக்கு இயக்குனராக வந்தவர். நட்சத்திரம் பார்க்க நல்ல இடம் தேடி, நகர வெளிச்சம் எட்டாத இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் இங்கிருந்து பார்க்கலாமாம். 1968ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் ஆரம்பித்தது. 1972ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் ஜெர்மனியிலிருந்து வந்தது. இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை 1986 ஜனவரி 6ல் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை. 1982லேயே காலமாகிவிட்டார். 1977ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சின்னக் கிரகத்துக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் வருவார்கள், போவார்கள். ராத்திரி முழுக்க டெலஸ்கோப்பைத் திருப்பவும், கும்மட்டத்தைத் திறந்து மூடவும் ஆட்கள் வேண்டுமே! அப்படி வேலை பார்த்து ரிட்டயரான ஒரு பெரியவரை அருகிலிருந்த கிராமத்தில் பார்த்தோம். திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக் கொண்டிருந்தார்.

"கட்டடம் கட்டச்சொல்ல மண்ணு தூக்கப் போனேன்மா. அப்புறம் அங்கியே எடுத்துக்கினாங்க. பகல்ல தூக்கம், ராத்திரியில வேலை. எங்க மாமனாரு பொண்ணு குடுக்கவே யோசிச்சாரு. ராத்திரியில காட்டுல இவனுக்கு இன்னா வேலைன்னு!" என்று சிரித்தார்.

"கஷ்டமா இல்லையா ஐயா?"

"மார்கழிக் குளிருல கும்மட்டம் திறந்து இருக்கும். உள்ள ஹீட்டர் போடக் கூடாது. காத்து சூடானா நட்சத்திரம் ஆடும். கஷ்டந்தான். ஆனா காத்துல ஈரம் ஏறுதா, மேகம் வருதான்னு பாத்து, 'சார், மூடிடலாம்'னு மொதல்ல சொல்றவன் நான். ஈரம் பட்டா கண்ணாடி போச்சு. எவ்ளோ பெரிய படிப்பு படிச்சவரா இருந்தாலும் அந்த நேரத்துல என் பேச்சைக் கேப்பாங்க."

அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. கார்த்திகை, சப்தரிஷி, விடிவெள்ளி இவையெல்லாம் அவருடைய அப்பாவுக்கே தெரியும். ராத்திரியில் மணி பார்ப்பது அதை வைத்துத்தானே! மகன் வேலையில் சேர்ந்து அதே நட்சத்திரங்களுக்கு இன்னொரு பேரும் கற்றுக்கொண்டார். என்னிடம் சொல்லிக் காட்டியபோது அந்த முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

"உங்க பிள்ளைகள்?"

"ரெண்டு பேரும் பெங்களூருல. இங்க எத்தினி பேருக்கும்மா வேலை இருக்கும்?" என்றார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. உண்மைதான். மனசுக்குப் பிடித்த உத்தியோகம் மலையில் இருக்கிறது. எண்ணிக்கைதான் போதவில்லை.

சாமை மில்லில்

இரண்டாம் நாள் ஜமுனாமரத்தூர். மலையின் பெரிய ஊர் இதுதான். சாமை அரைக்கும் ஒரு மில்லில் அரை நாள் இருந்தோம். முன்பெல்லாம் சாமையை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி எடுக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் உலக்கை பிடித்தாக வேண்டும். கைகளில் காய்ப்பு, தோளில் வலி. இது முழுக்கப் பெண்களின் வேலை. இந்தக் கஷ்டத்தால்தான் பல வீடுகளில் சாமை போய் ரேஷன் அரிசி வந்தது. உமி நீக்கும் மெஷின் வந்த பிறகு சாமைக்கு மறுபடி மரியாதை. பழங்குடி விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனமும் இந்த மலையில் இருக்கிறது. சாமை அரிசி, தேன், புளி எல்லாம் பாக்கெட்டில் கீழே வருகின்றன.

மில்லில் நாலு பெண்கள். மெஷின் ஓட்டுகிற அம்மாவுக்கு நாற்பது வயசிருக்கும். "பெல்ட் அறுந்தா நானே மாத்துவேன். மொதல்ல மெக்கானிக்கு வர்ற வரைக்கும் ரெண்டு நாள் சும்மா கெடப்போம். அவரு பண்றதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கினேன்" என்றார். அவருக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. கேட்கவே வேண்டாம், மெஷினைத் துடைக்கிற விதத்திலேயே தெரிகிறது.

பக்கத்தில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த இளம்பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்குப் பிடிக்கலக்கா. நாளெல்லாம் எடை போட்டு, ஒட்டி, அடுக்கணும். காப்பித் தோட்டத்துல இதைவிடக் கூலி ஜாஸ்தி. ஆனா அங்க போனா பசங்க படிப்பு போயிடும். போன வருஷம் பெரியவன் அஞ்சு மாசம் ஸ்கூலுக்கே போவல. அதான் இருக்கேன்."

ஒரே கூரை, ஒரே முதலாளி. ஒருத்தி வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி வேலையில் பிடிபட்டிருக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேருமே லீவு போடாமல் வருகிற நல்ல வேலைக்காரர்கள்தான்!

நர்ஸம்மா

மூன்றாம் நாள்தான் நாங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியவரைப் பார்த்தோம். ஒரு துணை சுகாதார நிலையத்தில் பதினாறு வருஷமாக இருக்கும் கிராம சுகாதார நர்ஸ். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. மலையில் 3,000 பேருக்கு ஒன்று. கேட்கக் குறைச்சலாக இருக்கும். ஆனால் அந்த மூவாயிரம் பேரும் எத்தனை குன்று தாண்டி இருக்கிறார்கள் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். நாங்கள் ஒரே ஒரு குக்கிராமத்துக்குக் கூடப் போனோம். போக வர மூன்று மணி நேரம். எனக்கு முழங்கால் விண்விண் என்றது. அந்தம்மா தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "உன் மருமகளுக்கு எத்தனாவது மாசம்? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறாளா?" என்று விசாரித்தபடியே நடந்தார்.

என் தங்கை மகள் தயங்காமல் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா?"

"உண்மையைச் சொல்லட்டுமா? முதல் மூணு வருஷம் டிரான்ஸ்பர் கேட்டு மனு மேல மனு போட்டேன். குவார்ட்டர்ஸ்ல மழை பெய்ஞ்சா பாயைச் சுருட்டிக்கிட்டு நிக்கணும். ராத்திரி கதவைத் தட்டினா பயம். பேச ஆள் கிடையாது. ஒரு நாள் அழுதுகிட்டே எங்க அம்மாவுக்கு போன் பண்ணினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். ரோடு வரைக்கும் டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. நான் கூடவே ஓடினேன். தாயும் பிள்ளையும் பொழைச்சாங்க. அந்தப் பிள்ளை இப்போ எட்டாவது படிக்குது. என்னைப் பாத்தா 'அத்தை'ன்னு ஓடி வரும். அடுத்த தடவை டிரான்ஸ்பர் கவுன்சிலிங் வந்தப்போ பேர் குடுக்கலாமா வேணாமான்னு ஒரு வாரம் தூங்கல. குடுக்கல."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "அதுக்காக நீயும் இப்படியே இருன்னு சொல்ல மாட்டேன்மா. எனக்கு கூரையை மாத்திக் குடுத்தாங்க. ஆம்புலன்ஸ் வருது. அதெல்லாம் இல்லாம பிரியம் மட்டும் இருந்தா உடம்பு தாங்காது" என்றார்.

அந்த வார்த்தையை நான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008ல் வந்தது. தூரத்து மலைக் கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க, மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகளும் உண்டு. ஆனாலும் எல்லா ஊருக்கும் ரோடு போய்ச் சேரவில்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகி, குழந்தை இறந்துவிட்டது. ஆம்புலன்ஸும் ஊர்வரை போக முடியாமல், உடலைப் பெற்றவள் கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தாள். பேப்பரில் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு நர்ஸ் மனசு வைத்து நிலைத்திருப்பதும், ஆறு மாசத்தில் கிளம்பிப் போவதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எது இருத்தி வைக்கிறது?

இதைப் பற்றி வெளிநாட்டில் நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெர்ஸ்பர்க் என்ற மனோதத்துவ நிபுணர் சுமார் 200 எஞ்சினீயர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து 1959ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சம்பளம், இருப்பிடம், மேலதிகாரி சரியில்லை என்றால் மனசு வெறுத்துப்போகும். ஆனால் இவை சரியாக இருந்தால் மட்டும் வேலை பிடித்துவிடாது. பொறுப்பு, கற்றுக்கொள்ளுதல், செய்ததற்கு மதிப்பு இவைதான் திருப்தி தரும் என்பது அவர் கட்சி. காவலூர்ப் பெரியவர் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டாரே!

கனடாவில் மேயர், ஆலன் என்ற இருவர் 1991ல் இன்னொன்று சொன்னார்கள். ஒருவர் ஒரு வேலையில் நிலைத்திருப்பது மூன்று காரணங்களால்: ஆசைப்பட்டு இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, விடுவது நியாயமில்லை என்று இருப்பது. மெஷின் ஓட்டும் அம்மா முதல் ரகம். பாக்கெட் போடும் பெண் இரண்டாவது. நர்ஸம்மா? மூன்றும் கலந்துதான். பதினாறு வருஷத்தில் ஒன்று இன்னொன்றாக மாறியிருக்கிறது.

கீழே ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்குப் பக்கத்து சீட்டில் துணை உண்டு. அவள் படும் பாடு ஊருக்கே தெரியும். ஊரோடு ஒட்டாத தனி உத்தியோகம் பார்க்கிறவளுக்கு அந்தத் துணை இல்லை. அவளுக்குத் திருப்தி வேலையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் அவளுக்குக் கூரையும் மரியாதையும் இரட்டிப்பாக வேண்டும். "சேவை மனப்பான்மை" என்று புகழ்ந்துவிட்டு ஒழுகும் வீட்டில் விட்டுவிடுவது அநியாயம்.

என் தங்கை மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆறு மாசத்தில் டிரான்ஸ்பர் என்ற பேச்சை, "ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசலாம்ப்பா" என்று அவளே தள்ளி வைத்திருக்கிறாள். தங்கைக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. வாரத்துக்கு நாலு தடவை எனக்கு போன் பண்ணிப் புலம்புகிறாள். எனக்கும் மழைக்காலம் வந்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

உங்கள் பெண்ணுக்கும் இப்படி ஆர்டர் வந்தால்...

'வேண்டாம்' என்றோ 'போ' என்றோ சொல்வதற்கு முன் அவளோடு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். தங்கும் இடத்தில் கூரை, தாழ்ப்பாள், கழிவறை, தண்ணீர் இவற்றைச் சோதியுங்கள். செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கிறவரிடம், "ஏன் இருக்கீங்க?" என்று தனியாக விசாரியுங்கள். குறை இருந்தால் சேரும்போதே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாவைப் பழக்கப்படுத்திவிட்டு வாருங்கள். அதைவிடப் பெரிய காவல் கிடையாது.

போக விரும்புகிறவர்களுக்கு

வாணியம்பாடி அல்லது திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாகவும், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும் பஸ் உண்டு. மழைக்காலம் தவிர்த்து டிசம்பர் முதல் மார்ச் வரை சுகமாக இருக்கும். காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வானம் மூடியிருந்தால் ஏமாற்றம்தான். ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். பீமன் அருவியில் தண்ணீர் இருப்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள். கம்பளி, டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் கையோடு இருக்கட்டும்.

திரும்பும்போது தேனும் சாமையும் வாங்க மறக்காதீர்கள். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், பத்து நிமிஷம் ஊறவைத்து வேகவிட்டால் பொலபொலவென்று சோறு வரும். நார்ச்சத்து உள்ளது. ஆனால் சர்க்கரை நோய்க்காரர்கள் 'சாமைதானே' என்று இரண்டு தட்டு சாப்பிட்டுவிடாதீர்கள். அளவு அதற்கும் உண்டு!